நாற்பது பேர் குறையாமல்

ஓர் அரசாங்க மருத்துவ நிலையத்தில் ஒரு நர்ஸ் நோயாளிகளிடம் பேசிக்கொண்டிருந்தார். இதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்கள் அரசாங்க மருத்துவ நிலையத்துக்குப் போனதே இல்லை என்று அர்த்தம். அங்கே நர்ஸ்கள் ஊசி போடுவார்கள், கட்டுப் போடுவார்கள், பதிவேடு எழுதுவார்கள், எழுதிய பதிவேட்டைப் பார்த்து இன்னொரு பதிவேடு எழுதுவார்கள். பேச நேரம் இருக்காது. இந்த நர்ஸுக்கும் நேரம் இல்லை. இருந்தும் பேசினார். எல்லாக் கோளாறும் அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

அவரை எல்லாரும் சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கரண்டி வைத்திருந்ததால், முதுகுக்குப் பின்னால் கரண்டி சிஸ்டர். ரத்தத்தில் கொழுப்பு ஏறி வருகிறவர்களுக்கு டாக்டர் மாத்திரை எழுதுவார். எழுதிவிட்டு, "சாப்பாட்டு விஷயம் சிஸ்டர் சொல்வாங்க" என்று தலையைக் குனிந்துகொள்வார். சிஸ்டர் அவர்களை நடைபாதையில், எடை பார்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்காரவைப்பார்.

"என்ன சாப்பிடறீங்க?" என்று அவர் கேட்க மாட்டார். நோயாளிகள் பொய்யர்கள் அல்ல. ஆனால் ஆஸ்பத்திரியில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் நல்ல மனிதர்களுக்குக்கூட ஞாபகமறதி வந்துவிடுகிறது. அதனால் அவர் கேட்பது வேறு. "வீட்டுல யார் சமைக்கறாங்க? அடுத்த வாரம் அவங்களையும் கூட்டிட்டு வாங்க. வரும்போது எண்ணெய் பாட்டிலையும் எடுத்துட்டு வாங்க."

பாட்டில் வந்ததும் அதில் ஒரு ரப்பர் பேண்டைப் போடுவார். "இந்தக் கோடு வரைக்கும்தான் இந்த வாரம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இந்தக் கரண்டிக்கு மூணு. கோடு தாண்டினா எனக்குத் தெரியும்." எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. பயந்துபோய் எண்ணெயைக் குறைத்தார்கள்.

அவரிடம் வந்தவர்களில் ஒருவர் இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருந்த பேக்கரிக்காரர். போன வருஷம் அவருக்கு நெஞ்சு வலி வந்து மாவு மூட்டைகளுக்கு நடுவில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப்போனதை யாரும் கவனிக்கவில்லை. மாவில் வேலை செய்கிறவர் முகம் எப்போது வெளுக்காமல் இருந்தது? மனைவி தேநீர் கொண்டுவந்து கொடுத்து, வாங்கக் கை வராததைப் பார்த்துத்தான் கத்தினாள். பிழைத்தது மறுபிறப்பு. ரத்தத்தில் கொழுப்பு இருநூற்றெண்பத்தெட்டு. இருநூறுக்குள் இருக்க வேண்டிய சமாச்சாரம்.

"அண்ணே, ஒரு நாளைக்கு எத்தனை தடவை ருசி பார்ப்பீங்க?" என்று சிஸ்டர் கேட்டார்.

"ருசி பார்க்கறது சாப்பாட்டுல சேருமா சிஸ்டர்? அது வேலை."

"நாக்குல பட்டுட்டுத் திரும்பி வெளிய வந்துடுதா?"

"எங்க வருது? போனதெல்லாம் இதோ, இங்கதான் குடியிருக்கு" என்று மனைவி அவர் வயிற்றைக் காட்டினாள்.

சிஸ்டர் அவளிடம் ஒரு வேலை சொன்னார். ஒரே ஒரு நாள், அவர் ருசி பார்க்க எடுப்பதையெல்லாம் வாயில் போடாமல் ஒரு கிண்ணத்தில் போட வேண்டும். சாயங்காலம் கிண்ணம் போதவில்லை, பாத்திரம் தேவைப்பட்டது. கால் கிலோ கேக், பதினோரு வெண்ணெய் பிஸ்கட், இரண்டு கை கிரீம். பேக்கரிக்காரர் தன் வீட்டிலேயே திருடனைப் பிடித்தவர் மாதிரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இம்புட்டுமா ருசி?" என்றார். அன்றிலிருந்து ருசி பார்க்கும் பொறுப்பு கடையில் உதவிக்கு இருந்த மச்சானுக்குப் போனது. பேக்கரிக்காரர் மாத்திரை போட்டுக்கொண்டு, கீரையும் பீன்ஸும் தின்று, காலையில் நடந்து, மூன்று மாதத்தில் இருநூற்றைம்பதுக்கு இறங்கினார். குறைந்ததில் பெரும்பகுதி வீணாகப் போகவில்லை, மச்சானிடம் பத்திரமாக இருந்தது.

இப்படி ஐந்தாறு பேருக்கு இறங்கியதும் சிஸ்டர் ஒரு தப்புச் செய்தார். காலாண்டு அறிக்கையில் "குறிப்புகள்" என்று ஒரு கட்டம் இருக்கும். இருபது வருஷமாக எல்லாரும் அதில் "இல்லை" என்றுதான் எழுதுவார்கள். சிஸ்டர் அதில் நடந்ததை எழுதிவிட்டார்.

தலைமை அலுவலகத்தில் யாரோ அதைப் படித்துவிட்டார்கள். புது வருஷத்தின் முதல் மாதத்தில் சுற்றறிக்கை வந்தது. "மேற்படி நிலையத்தில் ஓர் ஊழியர் தன்னிச்சையாகவும், முறையான அனுமதி ஏதுமின்றியும் நோயாளிகளைக் குணப்படுத்தி வருவது பாராட்டுதலுடன் கவனத்தில் கொள்ளப்பட்டது. இனி இது முறைப்படுத்தப்படும்." இயக்கத்தின் பெயர் குருதிக் கொழுப்புக் குறைப்பு உணவுவழி ஒருங்கிணைந்த மேம்பாட்டு இயக்கம். பெயர்ப் பலகை பெஞ்சைவிட நீளமாக இருந்தது. நடைபாதையில் ஆலோசனை சொல்வது விதிமீறல் என்பதால் பெஞ்சை எடுத்துக்கொண்டு போனார்கள். பதிலுக்கு, துடைப்பம் வைத்திருந்த அறையைக் காலி செய்து, மேஜை, நாற்காலி, கம்ப்யூட்டர் எல்லாம் போட்டுக் கொடுத்தார்கள். துடைப்பத்தை எங்கே வைப்பது என்று ஆயாம்மா கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

பிறகு, ஆலோசனை சொல்லத் தெரிந்தவருக்கு ஆலோசனை சொல்லக் கற்றுக்கொடுக்க இரண்டு நாள் பயிற்சி நடந்தது. பெரிய ஹோட்டலின் குளிரூட்டிய கூடம். ஒரு நலவாழ்வு நிபுணர் வந்திருந்தார். கையில் பச்சைத் தண்ணீர் நிறைந்த கண்ணாடி பாட்டில். எங்கோ மலை உச்சியில் விளைகிற ஒரு கறுப்பு விதையை ஊறவைத்துச் சாப்பிட்டால் கொழுப்பு தானாகவே வெட்கப்பட்டு வெளியேறிவிடும் என்றார்.

"அந்த விதை கிடைக்காதவங்க என்ன மேடம் செய்யறது?" என்று சிஸ்டர் எழுந்து கேட்டார்.

"மனசு இருந்தா கிடைக்கும்."

"எங்க பக்கம் பீன்ஸ், கீரை, ஆப்பிள், மீன் இதெல்லாம் கிடைக்குது."

"அதெல்லாம் எல்லாரும் சாப்பிடறது" என்றார் நிபுணர், லேசாக முகத்தைச் சுளித்து.

மதியச் சாப்பாட்டில் மூன்று விதமாகப் பொரித்த கோழி, வெண்ணெயில் வதக்கிய உருளைக்கிழங்கு, ஐஸ்கிரீம் எல்லாம் இருந்தன. விதை மட்டும் வரவில்லை. அதிகாரிகள் இரண்டாம் தடவை தட்டை நிரப்பியபடி, மக்களிடம் சுயக்கட்டுப்பாடு குறைந்துவிட்டதைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்.

ஊருக்குத் திரும்பி விதைக் கதையைச் சொன்னபோது பேக்கரிக்காரர் மட்டும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் அவர் கடைக் கண்ணாடிப் பெட்டியில் "இதயம் காக்கும் கேக்" உட்கார்ந்திருந்தது.

"என்னண்ணே இது?"

"அதே கேக்குதான் சிஸ்டர். மேல விதை தூவியிருக்கு, அவ்வளவுதான். முன்னெல்லாம் ஒரு துண்டு வாங்கவே யோசிப்பாங்க. இப்ப இதயத்துக்கு நல்லதுன்னு ரெண்டு ரெண்டா திங்கறாங்க."

"பாவம் இல்லையா?"

"நான் திங்கலையே" என்றார் அவர் பெருமையாக. தலைமை அலுவலகத்திலிருந்துகூட ஆர்டர் வர ஆரம்பித்தது.

இப்போது இயக்கத்தின் விதிகளைச் சொல்ல வேண்டும். மொத்தம் முப்பத்தாறு விதிகள். சிஸ்டரின் தலையில் விழுந்தவை நாலு. ஒன்று, கொழுப்பு மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் இனி இயக்கப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டுமே. இரண்டு, இருநூறுக்கு மேல் இருப்பவர்களே பதிவேட்டில் இருக்கலாம், இறங்கினால் பெயர் நீக்கப்படும். மூன்று, புதிய பெயர்களை வருஷத்தின் முதல் மாதத்தில் மட்டும் சேர்க்கலாம். நீக்குவதற்கு எல்லா மாதமும் உகந்தது. நான்கு, பதிவேட்டில் எப்போதும் நாற்பது பேர் குறையாமல் இருக்க வேண்டும். ஒரே வருஷத்தில் இரண்டு காலாண்டு குறைந்தால் அந்த நிலையத்தில் இயக்கம் மூடப்பட்டு, எல்லாருடைய மாத்திரையும் நிறுத்தப்படும்.

சிஸ்டர் முதல் மாதத்தில் நாற்பது பேரைச் சேர்த்தார். சேர்த்துவிட்டு வழக்கம் போல வேலையைப் பார்த்தார். வேலை பார்க்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

வருஷத்தின் பாதியில் பேக்கரிக்காரர் பரிசோதனைச் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். பின்னால் அவர் மனைவி.

"நூத்தியெண்பத்தெட்டு சிஸ்டர்! சரியா நூறு இறங்கிட்டேன்!"

சிஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டினார். திரையில் பேக்கரிக்காரரின் பெயர் சிவப்பாகி, ஒரு தடவை மின்னி, மறைந்தது. அந்த இடத்தில், "வாழ்த்துகள். மேற்படி நபர் குணமடைந்தபடியால் நீக்கப்பட்டார்" என்று வந்தது.

"இந்த மாச மாத்திரை?" என்றாள் மனைவி.

பெயர் இல்லாதவருக்கு மாத்திரைச் சீட்டு அச்சாகவில்லை. சிஸ்டர் நாலு தடவை தட்டிப் பார்த்தார். நாலு தடவையும் கம்ப்யூட்டர் வாழ்த்தியது.

அந்த மாதமே இன்னும் பதினொரு பேர் இருநூறுக்குக் கீழே இறங்கினார்கள். பன்னிரண்டு பேருக்கும் வாழ்த்து கிடைத்தது, மாத்திரை கிடைக்கவில்லை. பதிவேட்டில் மிச்சம் இருபத்தெட்டு. சிஸ்டர் எழுதிய கடிதங்களுக்குப் பதிலாக இயக்கத்தின் மேற்பார்வையாளர் நேரில் வந்தார். தொப்பையும் தோல் பையுமாக, ஐம்பது தாண்டிய மனிதர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. விதி எதைச் சொல்கிறதோ அதைத் திரும்பச் சொல்லிச் சொல்லியே முடி நரைத்தவர்.

"சரியாப் போனவங்களுக்கு எதுக்கு சிஸ்டர் மாத்திரை?"

"மாத்திரை போட்டதாலயும் சாப்பாட்டை மாத்தினதாலயும்தான் சார் சரியா இருக்காங்க. நிறுத்தினா மறுபடி ஏறும்."

"அப்ப அவங்களுக்கு நோய் இன்னும் இருக்குன்னு சொல்றீங்க."

"ஆமா சார்."

"நோய் இருந்தா எண்ணு இருநூறுக்கு மேல இருக்கணுமே? இல்லையே?"

"மாத்திரையால இறங்கியிருக்கு சார்."

"இறங்கிட்டா நோய் இல்லை. நோய் இல்லாதவங்களுக்கு மாத்திரை எதுக்கு?"

சிஸ்டர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். செக்கைச் சுற்றும் மாடு கூட எங்காவது நிற்கும். "ஏறினா, திரும்பச் சேர்த்துக்கலாமா சார்?"

"தாராளமா. தகுதி வந்ததும் சேர்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, இருபத்தெட்டு என்ற எண்ணை விரலால் தட்டினார். "ஆனா இதுதான் கவலையா இருக்கு. நாற்பது பேரை உங்களை நம்பி ஒப்படைச்சோம். பன்னிரண்டு பேரை விட்டுட்டீங்களே."

இந்தப் பேச்சைக் கதவோரம் நின்று பேக்கரிக்காரர் கேட்டுவிட்டார். பாதியைக் கேட்டார். அவர் காதில் விழுந்தது "தகுதி வந்ததும்" என்பது மட்டும்.

இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி அறைக்குள் நுழைந்தபோது மூச்சு வாங்கியது. "சிஸ்டர், நீங்களே கேளுங்க இந்த மனுஷனை. என் தம்பிகிட்ட இருந்து ருசி பார்க்கற வேலையைத் திரும்ப வாங்கிக்கிட்டார். காலையில வெண்ணெய், மத்தியானம் கிரீம். கேட்டா, படிக்கறேன்னு சொல்றார்!"

"என்ன படிப்பு அண்ணே?"

"தகுதிக்குத்தான் சிஸ்டர்" என்றார் பேக்கரிக்காரர், தலையைக் குனிந்துகொண்டு. "மாத்திரை இல்லாம பயமா இருக்கு. வெளிய வாங்கிப் பார்த்தேன், மாசா மாசம் கட்டுப்படி ஆகலை. சீக்கிரம் ஏத்திக்கிட்டா பட்டியல்ல ஏறிடலாம்னு பார்த்தேன். வெளிய ஒரு தடவை காசு கொடுத்து ரத்தம் பார்த்தேன், இருநூத்தி முப்பத்தாறு. தாராளமா தேறிடுவேன்ல?"

சிஸ்டர் திட்டத்தான் வாயைத் திறந்தார். வரவில்லை. மாவு மூட்டைகளுக்கு நடுவில் விழுந்த மனிதன், பிழைத்திருப்பதற்காக மறுபடி விழத் தயாராகிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, பெயர் சேர்க்கறது அடுத்த வருஷம் முதல் மாசம்தான்."

"நோய்தான் இப்பவே வந்துடுச்சே?"

"நோய் வந்துடுச்சு. மாசம் வரலை."

பேக்கரிக்காரர் மனைவி அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். போதாததற்கு, கூடவே ரத்தம் பார்த்த மச்சானுக்கும் இருநூற்றுப் பத்தொன்பது இருந்தது. அவனையும் சேர்க்க முடியாது. ஒரே வீட்டில் இரண்டு நோயாளிகளை வைத்துக்கொண்டு, பதிவேட்டில் நோயாளிகள் போதவில்லை என்று சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

அதே வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. "தங்கள் பொறுப்பில் இருந்த நாற்பது நோயாளிகளில் பன்னிரண்டு பேர் தங்கள் கவனக்குறைவால் ஆரோக்கியமடைந்துள்ளனர். இவ்விழப்பை இக்காலாண்டு முடிவதற்குள் ஈடுசெய்யத் தவறினால் இயக்கம் மூடப்படும். நேரில் ஆஜராகவும்."

சிஸ்டர் முப்பத்தாறு விதிகளையும் எடுத்துவைத்துக்கொண்டு முதல் தடவையாக முழுக்கப் படித்தார். எழுதியவர்களே அவ்வளவு தூரம் படித்திருக்க மாட்டார்கள். முப்பத்தோராவது விதிக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுநாள் ஊசி, பஞ்சு, ரத்தம் பிடிக்கும் குப்பிகள் வைக்கும் பெட்டியோடு தலைமை அலுவலகத்துக்குப் போனார்.

நீளமான மேஜை. ஒரு முனையில் இயக்குநர், சுற்றிலும் பதினொரு அதிகாரிகள், அவர்களில் கடைசி ஆளாக மேற்பார்வையாளர். ஆளுக்கொரு தட்டில் இதயம் காக்கும் கேக், இரண்டிரண்டு துண்டு.

"என்னம்மா, நாற்பது பேருக்கு என்ன வழி?" என்றார் இயக்குநர்.

"வழி உங்க விதியிலயே இருக்கு சார். முப்பத்தொண்ணு. 'இயக்க அலுவலர்கள் மக்களுக்கு முன்மாதிரியாகத் தாங்களே பரிசோதித்துக்கொள்ளலாம். தகுதி உள்ளவர்களை எம்மாதத்திலும் பதிவேட்டில் சேர்க்கலாம்.' கையெழுத்து உங்களோடதுதான் சார்."

இயக்குநர் தன் கையெழுத்தைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது. தான் கையெழுத்துப் போட்ட ஒன்றைத் தெரியாது என்று எந்த அதிகாரிதான் ஒப்புக்கொள்வார்? "அதுக்காகத்தானே அந்த விதியைப் போட்டேன்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டார். இயக்குநர் மடித்தால் மற்றவர்கள் மடிக்காமல் இருக்க முடியுமா? பன்னிரண்டு கைகள் நீண்டன. ஒருவர் மட்டும் கேக்கை முடித்துவிட்டு நீட்டினார்.

முடிவு மூன்றாம் நாள் வந்தது. பன்னிரண்டு பேரும் இருநூறுக்கு மேல். இயக்குநருக்கு முந்நூற்றுப் பதினாறு. பதவிக்கு ஏற்ற எண்தான். இருபத்தெட்டோடு பன்னிரண்டு சேர்ந்து நாற்பது ஆயிற்று. ஒரு காலாண்டு குறைந்ததோடு சரி, இயக்கம் தப்பியது.

பன்னிரண்டு பேருக்கும் மாத்திரை வந்தது. "அரசாங்க மாத்திரையா? நமக்கெதுக்கு அது, நான் வெளியில பார்த்துக்கறேன்" என்று இயக்குநர் சொல்லிவிட்டார். மற்றவர்களும் அப்படியே. வேண்டாம் என்று வைத்த அந்தப் பன்னிரண்டு பங்கையும் டாக்டர் கண்ணை மூடிக்கொள்ள, சிஸ்டர் ஆயாம்மாவைச் சாட்சி வைத்து, நீக்கப்பட்ட பன்னிரண்டு பேருக்குக் கொடுத்தார். சட்டப்படி குற்றம். ஆனால் அன்றைக்குத்தான் சிஸ்டர் பல மாதத்துக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டார். பேக்கரிக்காரர் ருசி பார்க்கும் வேலையை இந்தத் தடவை மனைவி கையில் ஒப்படைத்தார். அவள் துப்பிவிடுவாள். மூன்று மாதத்தில் மறுபடி இருநூறுக்குக் கீழே வந்தார்.

அதிகாரிகளுக்கும் உணவு ஆலோசனை உண்டு அல்லவா? இயக்குநர் தன் சார்பில் டிரைவரை அனுப்பினார். டிரைவர் எண்ணெய் பாட்டிலோடு வாரா வாரம் வந்து, கவனமாகக் கேட்டு, நாலு கிலோ இளைத்தார். இயக்குநர் மாறவில்லை. இன்னொருவர் தனக்கு இருப்பது நல்ல கொழுப்பு என்றார். இன்னொருவர் விதைக் கேக்கை விட மாட்டேன் என்றார். சிஸ்டர் யாரையும் வற்புறுத்தவில்லை. யார் சொல்லியும் கேட்காத பன்னிரண்டு பேர் கிடைப்பது லேசான காரியமா? அவர்கள் இருக்கும்வரை நாற்பதுக்குக் குறைவில்லை. வழியில் பொரித்த கோழிக் கடை வாசலில் இயக்குநரின் கார் நிற்பதைப் பார்த்தால், சிஸ்டர் மனசார வாழ்த்திவிட்டுப் போவார்.

வருஷத்தின் கடைசிக் காலாண்டு முடியப் பத்து நாள் இருந்தபோது மேற்பார்வையாளர் வந்தார். சிஸ்டருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. சட்டை தொளதொளவென்று இருந்தது. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருந்தார். கூடவே ஒரு அம்மாள், கையில் எண்ணெய் பாட்டில்.

"என் வீட்டுக்காரி, சிஸ்டர். சமைக்கறவங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னீங்களே? நாலு மாசமா நீங்க சீட்டுல எழுதிக் கொடுத்ததை அப்படியே செய்யறோம். காலையில ஒரு மணி நேரம் நடக்கறேன். ஆபீஸ் மீட்டிங்ல தட்டு வந்தா எழுந்து வெளிய போயிடறேன். அதுக்கே எனக்கு ரெண்டு மெமோ வந்துடுச்சு." அவர் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். "இங்க பரிசோதனைக்கு இன்னும் பத்து நாள் இருக்குன்னு தெரியும். மனசு கேக்கலை. வெளிய காசு கொடுத்துப் பார்த்துட்டேன்."

நூற்றுத் தொண்ணூற்று நாலு.

"எங்க அப்பா அம்பத்தி மூணு வயசுல போயிட்டார் சிஸ்டர். நெஞ்சு வலி. எனக்கு வர்ற மாசம் அம்பத்தி மூணு. யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்ட முதல்ல காட்டணும்னு ஓடி வந்தேன்."

சிஸ்டர் சீட்டைப் பார்த்தார். கண் நிறைய வேண்டிய இடம். நிறையவில்லை. பத்து நாளில் இங்கே ரத்தம் எடுக்க வேண்டும், எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும், அது இவரை வாழ்த்தும். முப்பத்தொன்பது. இன்னும் இரண்டு பேர் இறங்கும் நிலையில் இருந்தார்கள், அவர்களை அவர் எப்படியோ பிடித்து நிறுத்தி வைத்திருந்தார். இந்தக் காலாண்டு குறைந்தால் முதல் எச்சரிக்கை இல்லை, இரண்டாவது. அதிகாரிகளின் பெயர் போகும், மாத்திரை போகும், பேக்கரிக்காரர் மறுபடி வெண்ணெயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"வெளிய பார்க்கறதெல்லாம் அவ்வளவு சரியா இருக்காது சார்" என்றார் சிஸ்டர்.

"ரெண்டு இடத்துல பார்த்தேன் சிஸ்டர். ரெண்டும் ஒண்ணுதான்."

இருநூறுக்கு மேலே போக ஏழு புள்ளி வேண்டும். பத்து நாள் இருக்கிறது. ஒருவர் உடம்பில் எது எவ்வளவு ஏற்றும், எது எவ்வளவு இறக்கும் என்று இருபது வருஷம் படித்த தலை, கேட்காமலே கணக்குப் போட்டு முடித்துவிட்டது. காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு.

"ரொம்ப இளைச்சுட்டீங்க சார்" என்றார். அந்தக் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "திடீர்னு இப்படி இறங்கறது நல்லதில்ல. உடம்பு தாங்காது. கொஞ்சம் தெம்பு ஏத்திக்கிட்டு அப்புறம் மெதுவா இறக்கலாம்."

"அப்படியா?" என்றாள் அந்த அம்மாள் கவலையோடு. "நானும் இவருக்கு முகம் வாடிப்போச்சேன்னு நினைச்சேன்."

சிஸ்டர் கதவுப் பக்கம் திரும்பி, "ஆயாம்மா, எதிர் கடையில சாருக்கு ஒரு டீ சொல்லுங்க. கூடவே ரெண்டு பன், வெண்ணெய் நல்லாத் தடவச் சொல்லுங்க" என்றார்.

பன் வந்தது. ஓரத்தில் வெண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. மேற்பார்வையாளர் அதைப் பார்த்தார், சிஸ்டரைப் பார்த்தார். நாலு மாதமாக ஆசையோடு பார்த்துப் பார்த்து விலகிப் போன பொருள்.

"சாப்பிடலாமா சிஸ்டர்?"

"ஒண்ணும் ஆகாது சார். பத்து நாளைக்குத்தானே."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவர் தட்டை வாங்கிக்கொண்டார். "மொத்த இலாகாவுலயும் நீங்க சொல்றதைக் கேக்கறவன் நான் ஒருத்தன்தானே சிஸ்டர்."